குருவிகளும் மரமும்: இமாம் கஸ்ஸாலியின் நாளொழுங்கு பற்றி ஒரு திறனாய்வு

ஹிஜ்ரி 488 ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1095 இல், பக்தாத் நகரின் நிஜாமிய்யா கலாசாலையில் ஒரு பேராசிரியரின் நாவு அடைபட்டுப் போயிற்று. அவரிடம் முந்நூறு மாணவர்கள் பாடம் கேட்டு வந்தனர். வந்தவர்களின் மனம் மகிழவேனும் ஒரு நாள் பாடம் நடத்திவிட வேண்டுமென்று முயன்றார். ஒரு சொல்லும் எழவில்லை. நாவில் தொடங்கிய முடக்கம் உள்ளத்தில் துயரமாய் இறங்கியது. உணவு செல்லவில்லை, உண்டது செரிக்கவில்லை. இது உள்ளத்தில் விளைந்து உடலுக்குப் பரவிய பிணி, உள்ளம் ஓய்வு பெறாதவரை மருந்தால் பயனில்லை என்று மருத்துவர்கள் கைவிட்டனர். அந்தப் பேராசிரியர் இமாம் அபூஹாமித் அல்-கஸ்ஸாலி (ரஹ்). அப்போது அவர்கள் நாற்பது வயதையும் எட்டவில்லை. ரஜப் மாதத்தில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்த இப்போராட்டத்தை ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்னும் தன்வரலாற்று நூலில் அவர்களே எழுதி வைத்துள்ளார்கள்.

இச்செய்தியிலிருந்து நாம் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கஸ்ஸாலி இமாமை இன்று நேர நிர்வாகத்தின் ஆசானாகவும், மன அமைதிப் பயிற்சியின் முன்னோடியாகவும் எடுத்துக்காட்டும் எழுத்துகளும் பேச்சுகளும் பெருகி வருகின்றன. ‘பிதாயத்துல் ஹிதாயா’விலிருந்தும் ‘இஹ்யா உலூமித்தீ’னிலிருந்தும் சில வரிகளைப் பெயர்த்தெடுத்து, காலையில் இதைச் செய், மாலையில் அதைச் செய், மனச்சுமை குறையும் என்று அட்டவணை வகுத்துத் தருகின்றனர். இமாமவர்களின் நூல்கள் இப்பயனையும் தரக்கூடியனவே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மனச்சுமையால் நாவிழந்து நின்ற ஒருவர், அதிலிருந்து மீண்ட பின் எழுதிய நூல்களை அட்டவணையாகச் சுருக்கும்போது, அவர் எதனால் மீண்டார் என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. அக்கேள்வியை மீட்டெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் காலத்துச் சுமையை விரித்துரைக்கத் தேவையில்லை. கண் விழித்தவுடன் கை கைப்பேசியைத் தேடுகிறது. ஸுப்ஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யும் முன்பே ஊர்ச் செய்தியும் உலகச் செய்தியும் உறவினரின் மனத்தாங்கலும் உள்ளே புகுந்துவிடுகின்றன. பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நிற்பவரின் சட்டைப்பையும் அதிர்கிறது. ஸலாம் கொடுத்தவுடன் வலக்கை தஸ்பீஹை நாடுவதற்கு முன் அந்தப் பையை நாடுகிறது. இதற்கு மாற்றாகச் சற்று நில், மூச்சைக் கவனி, பழக்கங்களைச் சுருக்கு என்று சொல்லும் ஒரு பெருந்துறை மேற்கில் வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979 இல் ஜான் கபாட்-ஸின் என்பார், பௌத்தத் தியான மரபிலிருந்து சமயக் கூறுகளை நீக்கி, எட்டு வாரப் பயிற்சியொன்றை நோயாளிகளுக்காக வகுத்தார். தீராத வலியுடன் வாழ்வோர்க்கு ஆறுதலாக அமைந்த அப்பயிற்சி, பின்னர் மருத்துவமனையைக் கடந்து பெரு நிறுவனங்களுக்கும் படைத்துறைக்கும் சென்றது. ரொனால்ட் பர்சர் என்ற மேலாண்மைத்துறைப் பேராசிரியர் 2019 இல் எழுதிய நூலொன்றில் இதைக் கடுமையாகச் சாடினார். பௌத்த நெறியில் பயின்றவரான அவருடைய குற்றச்சாட்டு எளியது: சுமையை ஏற்றுவது பணியிடமும் சந்தையும், அதை இறக்கும் பொறுப்போ தனிமனிதனின் தலையில் வைக்கப்படுகிறது, மூச்சைக் கவனித்துத் தெம்பு பெற்றவன் முன்னிலும் அதிகம் சுமக்கத் திரும்பிச் செல்கிறான்.

இவ்விடத்தில் நம்மவர் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு. இதெல்லாம் நமக்குப் புதிதா? ஐவேளைத் தொழுகை என்பது நாளில் ஐந்து இடைநிறுத்தங்கள் அல்லவா? இம்மறுமொழியில் உண்மை இருக்கிறது. ஆயினும் பர்சரின் கேள்வி நம் பக்கமும் திரும்பக்கூடியது என்பதை இம்மறுமொழி மறைத்துவிடுகிறது. லுஹருக்காகக் கடையைச் சாத்தும் வணிகர், தொழுகையிலேயே கணக்கைக் கூட்டி முடித்துவிட்டு வந்து கடையைத் திறப்பாராயின், அவருடைய இடைநிறுத்தம் எத்தகையது? கடமை நிறைவேறியதா என்பது ஃபிக்ஹு நூல்களில் பார்க்க வேண்டிய செய்தி. உள்ளம் நின்றதா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டாம் கேள்விக்குரிய நூல்கள்தாம் இமாமவர்களுடையவை.

‘பிதாயத்துல் ஹிதாயா’ சிறிய நூல். ‘இஹ்யா’வுக்குப் பின்னர், மார்க்கக் கல்வியை நாடி வரும் மாணவனை நோக்கி எழுதப்பட்டது. உறக்கத்திலிருந்து விழிப்பதில் தொடங்கி, ஒளு, பள்ளிவாசலுக்குச் செல்லுதல், சூரியன் உதித்த பின் உச்சி சாயும் வரை உள்ள பொழுது, ஏனைய தொழுகைகள் என நடந்து, மீண்டும் உறக்கத்தில் ஒரு நாளை முடிக்கிறது அதன் முதற்பகுதி. அதில் இமாமவர்கள் வலியுறுத்தும் கருத்து, எந்த நேரத்தில் எது எதிர்ப்படுகிறதோ அதில் ஈடுபடுவது என்று பொழுதை விட்டுவிடலாகாது என்பதாகும். ஒவ்வொரு பொழுதுக்கும் உரிய அலுவலை வகுத்துக் கொண்டு, அதில் வேறொன்றை நுழைய விடாதிருந்தால்தான் நேரத்தில் பரக்கத் வெளிப்படும் என்கிறார்கள். இன்னதைச் செய்வதென்று அறியாமல் கால்நடையைப் போல் பொழுதைக் கழிப்பவனின் வாழ்நாள் வீணே கரைகிறது என்றும் எச்சரிக்கிறார்கள். எதிர்ப்படுவதிலெல்லாம் ஈடுபடுதல் என்ற இந்நோய் கைப்பேசிக்குத் தொள்ளாயிரம் ஆண்டு மூத்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இதே நூலில் உறக்கத்துக்கும் கணக்குண்டு. இரவும் பகலும் சேர்ந்த இருபத்து நான்கு மணிநேரத்தில் உறக்கம் எட்டு மணிக்கு மேற்படலாகாது. அறுபது ஆண்டு வாழ்பவன் இருபது ஆண்டை உறக்கத்தில் விடுவதே போதும் என்கிறார்கள். இதைக் கடுந்துறவு எனக் கருதுவோர் அந்த எண்ணை மீண்டும் பார்க்க வேண்டும். எட்டு மணிநேர உறக்கம் இன்று நம்மில் பலருக்குக் கிட்டாத வசதி. நண்பகலின் கைலூலா எனும் சிறு உறக்கத்தையும் இரவு வணக்கத்துக்குத் துணையாக அவர்கள் பரிந்துரைக்கிறார்கள். உடல் களைக்கும் என்பதை மறந்து வகுத்த ஒழுங்கன்று அது.

‘இஹ்யா’வின் பத்தாம் நூல் பகற்பொழுதை ஏழு விர்துகளாகப் பகுத்து விரிக்கிறது. ஏன் இத்தனை பகுப்பு என்பதற்கு அதில் தரப்படும் காரணம் கூர்ந்து நோக்கத் தக்கது. மனித மனம் சலிக்கும் இயல்புடையது; ஒரே வகை வணக்கத்தில் அதைக் கட்டி வைக்க இயலாது; ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றித்தான் அதைத் தேற்ற வேண்டும் என்கிறார்கள். சலிப்பைக் குற்றமாகக் கொள்ளாமல் இயல்பாகக் கொண்டு, அதற்கேற்ப நாளை அமைக்கிறார்கள். அளவைப் பற்றியும் அவ்வாறே. தொடர்ந்து செய்ய இயலாத மிகுதியைவிடத் தொடர்ந்து செய்யும் சிறிது மேலானது என்பதற்கு, இடைவிடாமல் சொட்டும் நீர் தரையில் குழி விழச் செய்வதையும், ஒரேயடியாகக் கொட்டிய நீர் தடமின்றிப் போவதையும் உவமையாக்குகிறார்கள். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற அண்ணலார் (ஸல்) அவர்களின் போதனையே இதன் வேர்.

இதுவரை சொன்னவை அட்டவணைக்காரர்களுக்கும் ஏற்புடையவைதாம். இனி வருவது அவர்கள் கடந்து செல்லும் இடம்.

தொழுகையின் அந்தரங்கங்களைப் பேசும் ‘இஹ்யா’வின் நான்காம் நூலில், ஹுளூருல் கல்பு எனும் உள்ளத்தின் வருகையைக் குறித்து எழுதும்போது, சிதறும் எண்ணங்களுக்கு இருவகைக் காரணம் கூறுகிறார்கள். ஒன்று புறக்காரணம்: காதில் விழுவதும் கண்ணில் படுவதும். அதற்கு மருந்து எளிது. சுவரருகே நின்று தொழுவது, பார்வையைத் தாழ்த்துவது, ஓவியங்களும் வண்ண விரிப்புகளும் உள்ள இடத்தைத் தவிர்ப்பது. மற்றொன்று அகக்காரணம். அதற்கு இம்மருந்து வேலை செய்யாது. அவ்விடத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற உவமை வருகிறது. ஒரு மனிதன் மரத்தடியில் அமர்ந்து அமைதியாகச் சிந்திக்க விழைகிறான். மரத்தில் குருவிகள் இரைகின்றன. கோலெடுத்து விரட்டுகிறான். அவை பறக்கின்றன, அவன் அமர்ந்ததும் திரும்ப வருகின்றன. மீண்டும் கோலெடுக்கிறான். இந்த வேலைக்கு முடிவே இல்லை, விடுபட வேண்டுமானால் மரத்தை வெட்டு என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. இச்சைகளின் மரம் கிளைத்து நிற்கும்வரை எண்ணங்களாகிய குருவிகள் அதை நாடி வந்துகொண்டேதான் இருக்கும்.

இன்றைய இடைநிறுத்தப் பயிற்சிகளில் பெரும்பாலானவை கோல்கள். அவற்றை இகழ்வதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. கோல் வீசியபின் கிடைக்கும் சிறு அமைதியும் அமைதியே. ஆனால் நம் வழிபாடுகளையும் நாம் கோல்களாக்கிவிட்டோம் என்பதுதான் வருந்தத் தக்கது. தஸ்பீஹை எண்ணித் தரும் செயலி, ஓதிய பக்கங்களை நாள்தோறும் கணக்கிட்டுக் காட்டும் செயலி, விட்டுப்போன நாளைச் சிவப்பில் சுட்டும் செயலி என்று, சுமையைக் குறைக்க வந்த விர்து தானே இன்னொரு சுமையாகி நிற்கிறது.

இதற்கு இமாமவர்களின் மொழியும் ஓரளவு இடம் தருகிறது என்பதை நடுநிலையுடன் சொல்ல வேண்டும். ‘பிதாயா’வில் வாழ்நாள் முதலீடு எனவும், ஒவ்வொரு மூச்சும் விலைமதிப்பற்ற மணி எனவும் வருணிக்கப்படுகின்றன. தற்கணக்கைப் பற்றிய ‘இஹ்யா’வின் முப்பத்தெட்டாம் நூலில், நஃப்ஸானது வணிகக் கூட்டாளியாக உருவகிக்கப்பட்டு, அதனுடன் நிபந்தனை பேசி, கண்காணித்து, மாலையில் கணக்குக் கேட்க வேண்டும் என்று கூறப்படுகிறது. மறுமையில் ஒரு நாளின் இருபத்து நான்கு மணிகளும் இருபத்து நான்கு கருவூலங்களாகத் திறக்கப்படும், ஒன்றில் ஒளி நிறைந்திருக்கும், ஒன்றில் இருள், இன்னொன்று வெறுமையாக இருக்கும், உறங்கியோ பராமுகமாகவோ கழித்த அவ்வெறுமைக்காகவும் அடியான் வருந்துவான் என்பதும் அங்குள்ளதே. வணிகம் செழித்த ஊர்களில் இவ்வுருவகம் எளிதில் விளங்கும். விளங்குவதாலேயே அதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே கணக்கில் மூழ்கியவனுக்கு இன்னொரு கணக்கேட்டைக் கொடுத்தால், அவன் அமைதி பெறுவானா? அச்சமே மிகும் அன்றோ? வெறும் கருவூலத்துக்கு அஞ்சி, ஒரு நிமிடமும் சும்மா இருக்கத் துணியாத இறையச்சம் ஒன்று நம்மிடையே உண்டு. அதற்கும் நிறுவன ஊழியரின் ஓய்வின்மைக்கும் தோற்றத்தில் வேறுபாடு காண்பது கடினம்.

நமது கருத்தில், இச்சிக்கலுக்கு விடை இமாமவர்களின் நூலைக் காட்டிலும் அவர்களின் வாழ்க்கையில் தெளிவாக இருக்கிறது. நாவடைபட்ட பின் அவர்கள் செய்தது புதிதாக ஒரு பயிற்சியைச் சேர்த்துக் கொண்டதன்று, இருந்தவற்றை விட்டதாகும். பதவியை விட்டார்கள். குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு ஏனைய செல்வத்தைப் பங்கிட்டார்கள். திமிஷ்குக்கும் பின்னர் பைத்துல் முகத்தஸுக்கும் சென்றார்கள். ஹிஜ்ரி 489 இல் கலீல் நகரில், இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் மூன்று உறுதிகளை மேற்கொண்டார்கள்: அரசர்களின் பணத்தைப் பெறுவதில்லை, அரசவைக்குச் செல்வதில்லை, தர்க்க வாதங்களில் ஈடுபடுவதில்லை. மூன்றும் ‘இல்லை’ என்றே முடிகின்றன என்பதைக் காண்க. பொருளாசை, பதவியாசை, வென்று காட்டும் ஆசை ஆகிய மூன்று கிளைகளில்தான் பக்தாதின் குருவிகள் வந்து அமர்ந்திருந்தன. தம் மரம் எது என்பதை அறிந்து, அதில் கோடரி வைத்தார்கள். விர்துகளின் விரிவான ஒழுங்கு அதன் பின்னரே எழுதப்பட்டது. இந்த வரிசையை மாற்றி, மரத்தை அப்படியே விட்டு ஒழுங்கை மட்டும் எடுத்துக் கொள்வோர்க்கு அது கோலாகத்தான் மிஞ்சும்.

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். வெட்டிவிட எல்லோராலும் இயலுமா? தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற பொருளைக் குறிப்பிடுமிடத்தில், இராக்கின் வருவாய் பொது நலனுக்காக வக்ஃபு செய்யப்பட்டது, ஆலிம் ஒருவர் தம் குடும்பத்துக்காக எடுத்துக்கொள்ள அதனினும் நல்ல பொருளில்லை என்று இமாமவர்களே கூறுகிறார்கள். அவ்வாறாயின் அவர்களின் விடுதலைக்கு ஓர் அறக்கட்டளையின் தாங்கல் இருந்தது. மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுபவருக்கு அது இல்லை. மேலும், அத்தனித்திருத்தலும் முழுமையாக அமையவில்லை. காலத்தின் நிகழ்வுகளும் குடும்பக் கவலையும் பிழைப்பின் தேவையும் தனிமையின் தெளிவைக் கலக்கின. தெளிந்த நிலை விட்டுவிட்டே வாய்த்தது. பிள்ளைகளின் அழைப்பு ஊருக்கு இழுத்தது என்று ‘முன்கித்’ ஒப்புக்கொள்கிறது. இந்த ஒப்புதலை நாம் குறையாகக் கருதவில்லை. நூல் முழுவதிலும் நமக்கு மிக அணுக்கமான இடம் அதுவே. பிள்ளைகளின் குரல் வெட்ட வேண்டிய மரத்தின் குருவியன்று என்பதை இமாமவர்கள் அறிந்து, திரும்பி வந்தார்கள்.

குடும்பத்தாருக்குரிய விடையைப் பத்தாம் நூலின் பிற்பகுதியில் காண்கிறோம். மறுமையை நாடுவோரை ஆறு வகையினராக அங்கே பிரிக்கிறார்கள்: வணக்கசாலி, அறிஞர், மாணவர், தொழில் செய்பவர், ஆட்சியாளர், ஏக இறைவனில் மூழ்கியவர். ஆறு பேருக்கும் ஒரே ஒழுங்கு இல்லை. குடும்பத்துக்காகத் தொழில் செய்பவர், மனைவி மக்களைப் பட்டினி போட்டு வணக்கத்தில் பொழுதை நிறைக்க உரிமையற்றவர். உழைக்கும் நேரத்தில் சந்தையில் இருப்பதே அவருடைய விர்து. அங்கே அல்லாஹ்வை மறவாதிருந்தால் போதும். தேவைக்குரியது கிடைத்ததும் அவர் விர்துகளுக்குத் திரும்பலாம். அல்லது மேலும் உழைத்து, மிகுவதை ஏழைகளுக்கு ஈந்தால் அது விர்துகளினும் சிறந்தது. இங்கே வெட்டப்படுவது தொழிலன்று. தேவைக்கும் ஆசைக்கும் நடுவே எல்லை தெரியாமல் படர்ந்த கிளை மட்டுமே. தக்கலையில் அடங்கியுள்ள பீர் முஹம்மது அப்பா அவர்களைத் தறி நெய்து வாழ்ந்தவராகவே நம் மரபு நினைவில் வைத்திருக்கிறது. ஞானப் பாடல்கள் தந்தவரைத் தறியிலிருந்து பிரிக்காமல் நினைவுகூர்ந்த அம்மக்கள், இந்நூலின் கருத்தைப் படிக்காமலே உணர்ந்திருந்தனர் எனலாம்.

இவ்வாறு வகையில் வீட்டை நடத்தும் பெண் தனியாக இடம்பெறவில்லை. இதைச் சுட்டாமல் இம்மதிப்பீடு நிறைவுறாது. நூல் காட்டும் நாளில் ஒளுவுக்கு நீர் ஆயத்தமாக இருக்கிறது, உணவு வந்துவிடுகிறது, கைலூலாவின்போது வீடு அமைதியாக இருக்கிறது. அந்த நீரும் உணவும் அமைதியும் எவருடைய பொழுதிலிருந்து வந்தன? ரமளானில் இஃப்தாருக்கு முந்திய ஒரு மணிநேரம் ஆண்களுக்கு துஆவின் நேரம். அதே மணிநேரத்தில் அடுப்படியில் நிற்பவளுக்கு அது நாளின் மிகக் கனத்த நேரம். ஒருவரின் இடைநிறுத்தம் இன்னொருவரின் ஓய்வின்மையால் வாங்கப்படுமானால், சுமை குறையவில்லை, கைமாறியிருக்கிறது. ஆட்சியாளரின் விர்து மக்களின் தேவையைக் கவனிப்பதே என்றும், அது தனிப்பட்ட வணக்கத்தினும் மேலானது என்றும் எழுதிய அதே பேனா, அந்த அளவுகோலை வீட்டுக்கும் பொருத்த நமக்கு வழி தந்தே இருக்கிறது. பலகாரத்தில் இரண்டைக் குறைத்து அடுப்படிக்கு அரைமணி நேரத்தை மீட்டுத் தருவதும், பாத்திரம் கழுவ எழுந்து செல்வதும் அன்றைய விர்தாக ஏன் ஆகலாகாது? எளிய பழக்கம் என்று இக்காலத்தார் சொல்வதற்கு நம் வீடுகளில் இதைவிட நல்ல பொருள் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

கி.பி. 1106 இல் இமாமவர்கள் மீண்டும் பாடம் நடத்த நிஷாப்பூருக்குச் சென்றார்கள். அழைத்தவர் ஓர் அமைச்சர். அமர்ந்ததும் ஒரு நிஜாமிய்யாவே. மூன்று உறுதிகள் என்னவாயின என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். புறத்தில் திரும்பியது போலிருந்தாலும் தாம் திரும்பவில்லை என்றும், அன்று புகழைத் தேடித் தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இன்று புகழைத் துறக்கச் செய்யும் கல்விக்கு அழைப்பதாகவும் ‘முன்கித்’ விளக்கம் தருகிறது. இவ்விளக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் வாசகரின் பொறுப்பு. நாம் ஏற்கிறோம். முன்பு முடக்கிப் போட்ட அதே வேலையை இப்போது செய்ய முடிந்ததென்றால், பக்தாதில் அவர்களை வீழ்த்தியது வேலையின் அளவன்று. அந்த வேலையில் அவர்கள் எதைத் தேடினார்கள் என்பதே. ஐந்தாண்டுக்குப் பின், 1111 இல், பிறந்த ஊரான தூஸில் அவர்கள் காலமானபோது பெரிய பதவி எதிலும் இல்லை.

ஆகவே, நாளின் சுமையைக் குறைக்க விரும்பி இந்நூல்களை எடுக்கும் வாசகருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். விர்துகளின் அட்டவணையை முதலில் புரட்ட வேண்டாம். அடுத்த தொழுகையில் தக்பீர் கட்டியபின் உள்ளத்தில் வந்து அமரும் முதல் குருவி எதுவென்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அதுவே வருமாயின் மரம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அதன் ஒரு கிளையையேனும் விட்டுவிட முடிந்தால், ஐந்து வேளையும் முன்பே நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அந்த இடைநிறுத்தத்தில் நிற்க நமக்கு இடம் கிடைக்கும்.